பழைய மோட்டாரும் பாடபேதமும்

ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர்க்கு மூலபாடம், பாடபேதம், இடைச்செருகல் என்னும் மூன்றும் அன்றாடச் சொற்கள். எழுதினோன் எழுதியது யாது, படியெடுத்தோன் மாற்றியது யாது, பின்வந்தோன் நுழைத்தது யாது என்று பிரித்தறிவதே பதிப்பாசிரியன் தொழில். இத்தொழில் நூல்களுக்கே உரியதென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால், இங்கிலாந்திலே பழைய சொகுசு மோட்டார் வண்டிகளை ஆராய்வோர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுவேதான். முகப்பில் மின்னும் சின்னம், கதவோரத்துப் பட்டி, படியிலே பதித்த பெயர்த்தகடு, இருக்கையின் தோல், முன்பலகையின் மரம் ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்து, ‘இது வண்டி பிறந்த நாளிலேயே இருந்ததா, பின்னர் வந்து ஒட்டியதா?’ என்று வினவுகின்றனர். பண்டிதனுக்கு மோட்டாரில் என்ன வேலை என்று கேட்போர், இவர்கள் ஆராயும் முறையைச் சற்றே நோக்கினால், வேலை உண்டு என்று ஒப்புவர்.

வினா வேடிக்கைக்காக எழுவதன்று. ஒரே ஆண்டிலே, ஒரே பட்டறையிலே உருவான இரு வண்டிகளுள், பழைய உறுப்புகள் குலையாத ஒன்றுக்கும், புதுப்பொருள்களால் ஒப்பனை செய்த மற்றொன்றுக்கும் விலையிலே பெரிய வேற்றுமை உண்டு. விலை ஏறுமிடத்தில் போலியும் ஏறும். பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றும் இதில் உளது. தொழிலாளி ஒருவன் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தன் கையால் அராவி மெருகிட்ட தகட்டைக் கழற்றியெறிந்துவிட்டுப் புதிய தகட்டைப் பொருத்திவிட்டால், அவன் கை அங்கே பட்டது என்பதற்கு வேறு சான்று எங்கே தேடுவது?

றோல்ஸ் றோய்ஸ் வண்டியையே எடுத்துக்கொள்வோம். பொறியியல் மேதை ஹென்றி றோய்ஸும், செல்வக் குடியிற் பிறந்த சாள்ஸ் றோல்ஸும் மான்செஸ்டர் நகரில் 1904ஆம் ஆண்டு மே மாதம் சந்தித்ததிலிருந்து இதன் வரலாறு தொடங்குகின்றது. இவ்வண்டியைப் பற்றிப் பேசப் புகுமுன் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இக்கம்பெனி முழு வண்டியை விற்றதில்லை. எஞ்சின், சில்லு, முகப்பு ஆகியவற்றோடு கூடிய செசி எனப்படும் அடிச்சட்டத்தையே விற்றது. வாங்கியவர் அதனைப் பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்ட், எச். ஜே. மல்லினர் போன்ற உடல் கட்டும் பட்டறைகளுள் ஒன்றுக்கு அனுப்பித் தமக்கு வேண்டிய வடிவில் உடல் அமைப்பித்துக் கொண்டார். கம்பெனி தானே உருக்குடலோடு விற்ற முதல் றோல்ஸ் றோய்ஸ் 1949இல் வந்த ‘சில்வர் டோன்’ ஆகும். ஆகவே, ‘தொழிற்சாலையிலே இருந்தவாறே உள்ளதா?’ என்று கேட்டால், ‘எந்தத் தொழிற்சாலை?’ என்ற எதிர்வினா உடனே எழும். முகப்புச் சின்னத்துக்கு ஒரு மூலம். கதவின் கைப்பிடிக்கும் மரவேலைக்கும் மற்றொரு மூலம். சூத்திரம் ஒருவருடையதும் உரை மற்றொருவருடையதுமாக ஒரே கட்டில் கிடைக்கும் சுவடியை ஒத்தது இவ்வண்டி.

பெயரிலேயே சிக்கல் தொடங்குகின்றது. ‘சில்வர் கோஸ்ட்’ என்ற பெயரை அறியாத மோட்டார் அன்பர் இலர். ஆயின், அப்பெயர் முதலில் ஓர் இனத்துக்கு இட்ட பெயரன்று. ஒரேயொரு வண்டிக்கு இட்ட பெயர். 1907இல் உருவான 60551 என்ற செசி இலக்கமுடைய வண்டி அது. அதன் பதிவு இலக்கம் ஏ எக்ஸ் 201. பார்க்கர் பட்டறை அதற்கு உடல் கட்டியது. அலுமினிய நிறம் பூசி, வெள்ளி முலாமிட்ட அணிகள் பூட்டி, பெயர் பொறித்த தகடொன்றையும் பதித்தனர். கம்பெனியின் நிருவாகியாகிய குளோட் ஜோன்சன் செய்த ஏற்பாடு அது. அவ்வண்டி பதினாலாயிரம் மைலுக்கு மேல் ஓடிப் பெரும் புகழ் ஈட்டிற்று. அதனோடு பிறந்த ஏனைய வண்டிகளுக்குக் கம்பெனி வழங்கிய பெயர் ‘நாற்பது ஐம்பது குதிரைவலு’ என்பதே. 1925இல் ‘பாந்தம்’ என்ற புதிய இனம் வந்த பின்னரே, முன்னைய இனம் முழுவதையும் சில்வர் கோஸ்ட் என்று அழைக்கலாயினர். எனவே, 1912ஆம் ஆண்டு வண்டியொன்றிலே ‘சில்வர் கோஸ்ட்’ என்று பளபளக்கும் பெயர்த்தகடு காணப்பட்டால், அறிந்தவர் மகிழமாட்டார், ஐயுறுவார். நூலாசிரியர் இடாத தலைப்பைப் பிற்காலத்தார் ஏட்டின் நெற்றியில் எழுதிவைத்தது போன்றது அது.

இனி, இரு ‘ஆர்’ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த அந்தச் சிறு சின்னத்தைப் பார்ப்போம். தொடக்கத்தில் எழுத்துகள் சிவப்பு; பின்னர் கறுப்பு. 1933இல் றோய்ஸ் இறந்தபோது துக்கக் குறியாக நிறத்தை மாற்றினர் என்று எங்கும் ஒரு கதை வழங்குகின்றது. கதை உருக்கமானது, உண்மையன்று. அவர் உயிரோடிருக்கும்போதே கறுப்பெழுத்து வரத் தொடங்கிவிட்டது. உடலின் நிறத்தோடு சிவப்பு இசையவில்லை என்பது காரணமாகக் கூறப்படுகிறது. இக்கதையை நம்பினோர் எத்தனை வண்டிகளுக்குத் தீங்கு செய்திருப்பர் என்று எண்ணும்போது வருத்தமே மிகுகின்றது. ‘றோய்ஸ் இறக்குமுன் செய்த வண்டிக்குக் கறுப்பு ஆகாது’ என்று கருதி, நேர்மையான கறுப்புச் சின்னத்தைக் கழற்றிச் சிவப்பை மாட்டுவோன், தான் வண்டியைத் திருத்துவதாகவே நினைக்கிறான். ஏட்டிலே சரியாயிருந்த சொல்லைப் பிழையென்று மயங்கித் திருத்திவிடும் அரைகுறைப் புலவனை நாம் அறியாதவர்களா?

சின்னத்தின் நிறத்தை மட்டும் பார்த்தல் போதாது. நிறம் எதனால் ஆயது என்றும் பார்த்தல் வேண்டும். பழைய சின்னங்களில் எழுத்தின் பள்ளத்தை நிரப்பியிருப்பது எனாமல். அஃதாவது உலையிலிட்டு உருக்கிப் படியவைத்த கண்ணாடித் தூள். உருப்பெருக்குக் கண்ணாடியாற் பார்த்தால் அதற்கு ஓர் ஆழம் தெரியும். வயது முதிர்ந்ததில் மயிரிழை வெடிப்பும் தெரியலாம். மலிவான போலிகளில் இருப்பது வெறும் வர்ணப்பூச்சு. அதற்கு ஆழமில்லை, ஓரங்களில் வழிந்து கிடக்கும்.

முகப்பின் உச்சியிலே, ஆடை பின்னே பறக்க, முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பெண்ணுருவம் இதனினும் சுவையான ஆராய்ச்சிக்கு உரியது. ‘ஸ்பிரிட் ஒஃப் எக்ஸ்டசி’ என்பது அதன் பெயர். பரவசத்தின் ஆன்மா என்று தமிழிற் கூறலாம். செய்த சிற்பி சாள்ஸ் சைக்ஸ். அவர் முன்னர் மொண்டேகு பிரபுவின் வண்டிக்காக, உதட்டில் விரல் வைத்து நிற்கும் மங்கை உருவொன்றைச் செய்திருந்தார். பிரபுவின் செயலாளர் எலினோர் தோண்டன் என்னும் பெண்மணியே அதற்கு மாதிரி என்பர். 1915 டிசெம்பரில் ‘பேர்சியா’ என்னும் கப்பல் நீர்மூழ்கியின் தாக்குதலால் மத்தியதரைக் கடலில் மூழ்கியபோது அவரும் மாண்டார். வண்டிகளின் முகப்பில் பலரும் நாய், பூனை, கோமாளி என்று மனம்போனவாறு பொம்மைகளை வைக்கத் தொடங்கவே, கம்பெனி தன் வண்டிக்குத் தகுந்த உருவொன்று வேண்டுமெனச் சைக்ஸைக் கேட்டது. 1911 பெப்ரவரியில் இவ்வுருவம் பிறந்தது.

இதனை வார்த்த முறை நமக்குப் புதியதன்று. மெழுகால் உருச்செய்து, அதன்மேல் மண் கவசமிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் முறை அது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை நம் ஸ்தபதிகள் வார்த்ததும் இம்முறையாலேதான். மெழுகு ஒவ்வொரு முறையும் அழிந்துபோவதால், வார்ப்பு ஒவ்வொன்றும் தனிப்பிறவியாகும். சைக்ஸும், பின்னர் அவர் மகளும் ஒவ்வொன்றையும் கையால் அராவிச் செப்பஞ் செய்தனர். ஆகையால் இரண்டு உருவங்கள் முற்றும் ஒத்திரா. விரல்நுனி, மூக்கு, ஆடை மடிப்பு என எங்கேனும் சிறு வேறுபாடு இருந்தே தீரும். இங்கே ஆராய்ச்சி தலைகீழாகின்றது: வேறுபாடே மெய்ம்மைக்குச் சான்று. பத்து உருவங்கள் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருந்தால், அவை அச்சில் வார்த்தவையே.

அடிப்பாகத்தில் சிற்பியின் பெயரோ, 1911 பெப்ரவரி 6 என்ற திகதியோ பொறிப்பது வழக்கமாயிருந்தது. வார்ப்பு வேலையை 1948இல் கம்பெனி தானே ஏற்ற பின்னும் 1951 வரை இப்பொறிப்புத் தொடர்ந்தது. இதனை அறியாதார், ‘1911 என்று எழுதியிருக்கிறதே, ஆகவே இது 1911இற் செய்தது’ என்று ஏமாறுவர். திகதி உருவம் படைக்கப்பட்ட நாளைக் குறிக்கின்றது. வார்த்த நாளை அன்று. இன்னொரு நுட்பமும் உண்டு. உண்மையான உருவமொன்றிலிருந்து அச்செடுத்துப் போலி வார்ப்பவர், உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதை வெல்ல முடியாது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு போலி சிறுத்துவிடும். பொறித்த எழுத்தின் முனையும் மழுங்கிவிடும். கள்வன் நா பொய் சொன்னாலும் அளவுகோல் அவனைக் காட்டிக்கொடுக்கும். முதலில் வெள்ளி முலாம் பூசினர். களவு மிகுந்தமையால் 1914இன் பின் வெள்ளியைக் கைவிட்டனர். 1934இல் மண்டியிட்ட உருவமும் வந்தது. நின்ற உருவத்தின் உயரமும் காலந்தோறும் குறைந்தது. ஆதலால், உருவம் மெய்யானது என்று கண்ட பின்னும், அஃது அந்த ஆண்டு வண்டிக்கு உரியதா என்ற இரண்டாம் வினா எஞ்சியே நிற்கும்.

உருவமே இல்லாதிருத்தலும் மூலமாக இருக்கலாம். தொடக்கத்தில் இது விரும்பினோர்க்கு மட்டும் பூட்டிய அணி, அனைவரும் வாங்கினாரல்லர். 1911இன் முன் செய்த வண்டிக்கு இருக்கவே நியாயமில்லை. பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத்தின் அரச வண்டிகளில், எட்வேட் சீகோ என்ற ஓவியர் அமைத்த, புனித ஜோர்ஜ் பறவைநாகத்தை வதைக்கும் உருவம் இருந்தது. வழக்கமான உருவத்தை அங்கே தேடினால் கிடையாது.

உலோகத்தின் முகமும் பேசும். குரோமிய முலாம் மோட்டார் வண்டிகளிற் பரவியது 1920களின் இறுதியிலேயே. அதற்கு முந்திய வண்டிகளின் விளக்கும் கைப்பிடியும் பட்டியும் நிக்கல் முலாம் பூண்டவை. நிக்கலின் ஒளி சற்றே மஞ்சள் கலந்து இளஞ்சூடாகத் தோன்றும். குரோமியத்தின் ஒளி நீலம் பாய்ந்து குளிர்ந்து நிற்கும். 1922ஆம் ஆண்டு வண்டி நீலவொளி வீசினால் அது பிற்காலத்து மினுக்கல். நிக்கல் மங்கும், துடைக்கத் துடைக்கத் தேயும், மேடான விளிம்பிலே அடியிலுள்ள பித்தளை எட்டிப்பார்க்கும். அந்தத் தேய்வு துணி பிடித்த கை சென்ற வழியிலேதான் இருக்கவேண்டும். சுற்றியுள்ள பரப்பு நாற்பதாண்டுத் துடைப்பினால் வழுவழுத்திருக்க, நடுவிலுள்ள சின்னம் மட்டும் கூர்மை குன்றாதிருந்தால், சின்னம் அந்த வீட்டுப் பிள்ளையன்று. திருகாணியையும் விடலாகாது. தலையிலே சிலுவைப் பள்ளமுள்ள திருகாணி 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே புழக்கத்துக்கு வந்தது. 1925ஆம் ஆண்டு வண்டியின் பட்டியை அது தாங்கி நின்றால், பட்டியை யாரோ ஒருமுறையேனும் கழற்றியிருக்கிறார் என்பது உறுதி.

வேடம் புனைந்த வண்டிகளின் கதை தனி. பென்ற்லி என்னும் புகழ்பெற்ற கம்பெனியை 1931இல் றோல்ஸ் றோய்ஸ் வாங்கிற்று. பின்னாளில் இரண்டின் வண்டிகளும் உடன்பிறப்புகளாயின. 1955இல் வந்த ‘சில்வர் கிளவுட்’ வண்டிக்கும் பென்ற்லியின் ‘எஸ்’ வண்டிக்கும் முகப்பும் சின்னங்களும் தவிரப் பெரிய வேற்றுமை கிடையாது. இதனால், பென்ற்லிக்கு றோல்ஸ் முகப்பை மாட்டி, மங்கையை ஏற்றி, சில்லு மூடிகளை மாற்றி, உயர்குலத்து வண்டியென்று விற்போர் தோன்றினர். முகப்பின் வடிவம் கூர்ங்கோணமாதலால் அதன் பின்னுள்ள மூடியையும் மாற்றியாக வேண்டும். அவ்விடத்திலே பொருத்துவாய் பிசகும். 1965இல் வந்த ‘சில்வர் ஷடோ’ இனத்தில் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. செசி இலக்கத்தின் முன்னுள்ள மூன்று எழுத்துகளில் நடுவெழுத்து ‘ஆர்’ ஆயின் றோல்ஸ். ‘பி’ ஆயின் பென்ற்லி. முகம் என்ன சொன்னாலும் இலக்கம் குலத்தைச் சொல்லிவிடும். இதிலே நகைப்புக்கிடமானது யாதெனில், அவ்வினத்துப் பென்ற்லிகள் றோல்ஸைவிட மிகச் சிலவே செய்யப்பட்டன. அரியதை அழித்து மலிந்ததாக்குவதற்குப் பணமுஞ் செலவிடுகின்றனர்!

உடல் கட்டிய பட்டறையின் சான்று வாசற்படியில் உள்ள தகட்டில் இருக்கும். ஆயின் தகட்டைப் பெயர்ப்பது நான்கு திருகாணி வேலை. கனவான்களின் மூடுவண்டிகள் பல, பிற்காலச் சந்தைக்காக உடல் களையப்பெற்றுத் திறந்த வண்டிகளாக மறுபிறவி எடுத்தன. புதிய உடலிலே பழைய பட்டறையின் தகடு பூட்டப்படுவதும் உண்டு. இதனால் தேர்ந்தவர் தகட்டைப் படித்துவிட்டு, அதனை மறந்துவிட்டு, மறைவிடங்களைத் தேடுவர். கையாற் செய்த கதவுப் பட்டி வேறொரு கதவுக்குப் பொருந்தாது. ஆகவே, வர்ணம் பூசக் கழற்றும்போது மாறிப் போகாதிருக்க, பட்டியின் உட்புறத்திலும் இருக்கையின் சட்டத்திலும் மரத்திலும் உடலிலக்கத்தைப் பொறிக்கும் வழக்கம் பட்டறைகளில் இருந்தது. யாருக்கும் காட்டுவதற்காக எழுதப்படாத இலக்கம் அது, அதனாலேயே நம்பத்தக்கது. முன்பலகையில் ஒட்டிய வால்நட் மரத்தகடும் அத்தகையது. ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் இருபுறமும் ஒட்டுவர். வலப்பக்கத்து வரை இடப்பக்கத்து வரைக்குக் கண்ணாடி நிழலாய் அமையும். ஒரு பக்கம் மாற்றப்பட்டிருந்தால் நிழல் குலைந்துவிடும்.

பொருள் சொன்னதை ஏடு உறுதிசெய்ய வேண்டும். ஒவ்வொரு செசிக்கும் கம்பெனி ஒரு பதிவு எழுதி வைத்தது. வாங்கியவர் யார், எப்பட்டறைக்கு அனுப்பினர், எப்போது சோதித்தனர், என்னென்ன சிறப்பு வேண்டுகோள்கள் என்பன அதிற் காணப்படும். போருக்கு முந்திய பல இலக்க வரிசைகளில் 13 என்ற எண்ணை விலக்கியே சென்றிருக்கின்றனர் என்பதும் அப்பதிவுகளால் தெரிகிறது. பொறியியலும் சகுனமும் அங்கே ஒருங்கே வாழ்ந்தன போலும். இப்பதிவுகளை 1957இல் தோன்றிய றோல்ஸ் றோய்ஸ் அன்பர் கழகம், நோர்தாம்டன்ஷயரில் ஹன்ட் ஹவுஸ் என்னும் மனையிலே பேணி வருகின்றது. உரிமையாளர் படி பெற்றுக்கொள்ளலாம். ‘என் தாத்தா சொன்னார்’ என்ற வாய்மொழி எதுவும் இப்பதிவின் முன் நில்லாது.

இத்துணை நுட்பமாக ஆராய்ந்த பின்னும் தீராத வினா ஒன்று உளது. உறுப்பெல்லாம் மாறிய வண்டி அதே வண்டிதானா? 1990இல் இலண்டன் உயர் நீதிமன்றம் இதனை நேருக்கு நேர் சந்தித்தது. ‘ஓல்ட் நம்பர் வன்’ என்னும் பென்ற்லிப் பந்தய வண்டி 1929, 1930 ஆகிய ஈராண்டுகளிலும் பிரான்சில் லே மான் பந்தயத்தை வென்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். அதற்கு முன்னும் பின்னும் எஞ்சின், சட்டம், உடல் எனப் பலவும் மாற்றப்பட்டன. 1 கோடி பவுணுக்கு விற்க உடன்பாடான பின், வாங்க வந்தோர், ‘இது அந்த வண்டியே அன்று’ என்றனர். நீதிபதி ஒட்டன், மூல உறுப்புகள் மிகச் சிலவே எஞ்சியிருப்பதை அறிந்தும், தொடர்ச்சியறாத வரலாறு இருப்பதால் அப்பெயருக்கு அதுவே உரியது என்று தீர்த்தார்.

இத்தீர்ப்பைப் படிக்கும் தமிழாசிரியர்க்கு முதலில் உடன்பாடே தோன்றும். ஓலை சில நூற்றாண்டில் செல்லரித்துவிடும்; படிமேற் படியாகத்தான் நம் நூல்கள் வாழ்ந்தன. முதல் ஓலை எங்கே என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் ஒப்புமை இவ்விடத்தில் முறிகிறது என்றே கருதுகிறேன். நூலுக்கு ஓலை வெறும் தாங்கி, சொல்லே பொருள். வண்டிக்கோ உலோகமும் தோலும் மரமுமே சொற்கள். சைக்ஸ் அராவிய விளிம்பைப் படியெடுக்க இயலாது. பந்தய வண்டிக்கு ஓட்டமே உயிராதலால் நீதிபதியின் தீர்ப்பு அதற்குப் பொருந்தும். பார்க்கர் கட்டிய உடலில் கண்ணுக்கும் கைக்கும் உரியனவாக அமைந்த அணிகளுக்கு அது பொருந்துமா என்பது ஐயமே.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் இத்தாலியின் தூரின் நகரில் ஒரு சாசனம் வகுத்தது. பழைய கட்டடங்களைப் பேணுதற்கு 1964இல் வெனிஸ் நகரில் எழுதிய சாசனமே அதற்கு முன்மாதிரி. உள்ளதை உள்ளவாறே காத்தலை அது முதலில் வைக்கின்றது. புதுப்பித்தலைப் பின்னே வைக்கின்றது. புதுப்பிக்க நேரின், மாற்றிய உறுப்பு ஒவ்வொன்றிலும் அழியாத, ஆனால் கண்ணை உறுத்தாத அடையாளமொன்று இடப்பட வேண்டும் என்றும் கூறுகின்றது. சிதைந்த இடத்தில் தாம் ஊகித்த சொல்லைப் பகர அடைப்புக்குள் இடும் பதிப்பாசிரியர்க்கு இவ்விதி பழக்கமானதே. புதிய சின்னம் முகப்பிலே பழையது போலவே மின்னலாம்; அதன் முதுகில், அடுத்த தலைமுறையில் அதனைக் கழற்றுவோன் காணும்படி, அது புதியது என்ற குறி இருக்கும்.